பளு தூக்கும் பாதங்களுக்கு எந்தக் காலணி?

எங்கள் கிளையில் கடன் பிரிவைக் கவனிக்கும் நண்பர் ஒருவருக்கு வயது 47. ஆண்டுதோறும் நடைபெறும் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருப்பது தெரியவந்தது. நடைப்பயிற்சி மட்டும் போதாது, தசைகளுக்கும் வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். நண்பர் அன்று மாலையே வீட்டருகிலுள்ள உடற்பயிற்சிக்கூடத்தில் ஓராண்டுச் சந்தாவைச் செலுத்தினார். மறுநாள் கடைக்குச் சென்று, அங்கிருந்தவற்றுள் விலை மிகுந்த ஓட்டக் காலணியை வாங்கினார். மெத்தையின் மேல் நடப்பது போலிருக்கிறது என்று எங்களிடமெல்லாம் பெருமையுடன் காட்டினார். எட்டாவது வாரத்தில், தோளில் 50 கிலோ எடையுடன் உட்கார்ந்தெழும்போது அவருடைய இடது கால் பக்கவாட்டில் மடங்கியது. இரும்புத் தண்டு பாதுகாப்புக் கம்பிகளின் மேல் விழுந்ததால் பெரிய விபரீதம் நேரவில்லை. எனினும் மூன்று வாரம் கட்டுப் போட்ட காலுடன்தான் அலுவலகம் வந்துபோனார்.

கால் குணமாகித் திரும்பியபோது பயிற்சியாளர் அந்தக் காலணியைக் கையில் வாங்கி, குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாராம். விரல் உள்ளே புதைந்தது. “நல்ல ஷூதான் சார், ஆனால் இது ஓடுவதற்கு” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளைத்தான் இக்கட்டுரையில் விரித்துக் காண விழைகிறோம்.

நாற்பது வயதைக் கடந்தவர்கள் பளுப்பயிற்சிக்கு வருவது இன்று ஆடம்பரமன்று. வயது வந்தோர் வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடன் வாழ்வோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் என மதிப்பிட்டது. உண்ணும் உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்வது தசை. அத்தசை வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும். ஆகவே மருத்துவர்கள் பளுவைத் தூக்கச் சொல்கிறார்கள். ஆனால் எதைக் காலில் அணிந்து தூக்குவது என்பதைச் சொல்ல அவர்களுக்கு நேரமிருப்பதில்லை.

ஓட்டத்திற்கு மென்மை, பளுவிற்கு உறுதி

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின்மேல் விழுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் ஓடினால், நொடியின் சிறு பகுதிக்குள் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரையான தாக்கத்தை ஒரு கால் மட்டுமே தாங்குகிறது. அந்தத் தாக்கத்தை உள்வாங்குவதற்காகவே ஓட்டக் காலணியின் அடிப்பகுதியில் கனமான நுரைப்பொருள் அமைக்கப்படுகிறது. பெரும்பாலும் அது ஈ.வி.ஏ. எனப்படும் பிளாஸ்டிக் நுரை. குதிகால் பகுதி விரல் பகுதியைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருப்பதும் வழக்கம்.

பளு தூக்குகையில் இத்தகைய தாக்கம் கிடையாது. எடை மேலிருந்து மெல்ல இறங்குகிறது, மெல்ல ஏறுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் தோளில் 60 கிலோவை ஏந்தினால் மொத்தம் 130 கிலோ, காலுக்கு 65 கிலோ. இதைத் தாங்கும் பாதத்திற்கு வேண்டுவது நிலையான தளம் மட்டுமே. குதிகால், பெருவிரலின் அடி, சிறுவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்க வேண்டும். முக்காலியின் ஒரு கால் குட்டையானால் எப்படியோ, அப்படித்தான் இவற்றுள் ஒன்று நழுவினாலும். நுரை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அமுங்குவதில்லை. உடல் எந்தப் பக்கம் சற்றே சாய்கிறதோ அந்தப் பக்கம் மேலும் அமுங்கி, சாய்வை இன்னும் பெரிதாக்கும். கணுக்கால் அசைந்தால் முழங்கால் அசையும், முழங்கால் அசைந்தால் இடுப்பும் முதுகும் அதைச் சரிக்கட்ட முயலும். வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையின் மேல் ஏறி நின்று நீர் நிறைந்த குடத்தைத் தூக்கிப் பார்த்தால் இந்த உண்மை எளிதில் விளங்கும். விளங்கிக்கொள்வதற்காக யாரும் உண்மையிலேயே முயல வேண்டாம்!

வாரணாசியிலும் கோலாப்பூரிலும் உள்ள மல்யுத்த அகாடாக்களில் பயில்வான்கள் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலுடன்தான் பைட்டக் எனும் உட்கார்ந்தெழும் பயிற்சியை நூற்றுக்கணக்கில் செய்து வந்திருக்கிறார்கள். மண் தரையைக் கால்விரல்கள் பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றுதலைத் திரும்பத் தர முயல்வதே பளுப்பயிற்சிக் காலணி என்று சொல்லலாம்.

மூன்று வகை

ஒலிம்பிக் பளுதூக்குதலைத் தொலைக்காட்சியில் காண்போர் இனி வீரர்களின் பாதங்களையும் சற்றுக் கவனிக்கவேண்டும். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி, டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு, 2014 மற்றும் 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற வேலூரின் சதீஷ் சிவலிங்கம் போன்றோர் பங்கேற்கும் இப்போட்டிகளில் அணியப்படுவது தனி வகைக் காலணி. அதன் குதிகால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். ஆனால் அந்த உயரம் நுரையால் ஆனதன்று. முற்காலத்தில் மரத்தாலும் அடுக்கிய தோலாலும் செய்தார்கள், இப்போது அமுங்காத கெட்டிப் பிளாஸ்டிக்கால் செய்கிறார்கள். குதிகால் உயர்ந்திருப்பதால் முதுகை நிமிர்த்தி ஆழமாக உட்கார முடிகிறது. இதை அணிந்துகொண்டு ஓடவோ குதிக்கவோ இயலாது.

இரண்டாவது வகை, தட்டையான மெல்லிய அடிப்பகுதி கொண்டது. தரையிலிருந்து தண்டைத் தூக்கும் டெட்லிஃப்ட் பயிற்சிக்கு இது சிறந்தது. அடிப்பகுதி எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்குத் தண்டை உயர்த்த வேண்டிய தூரம் குறையும். பள்ளியில் உடற்கல்வி வகுப்பிற்கு நாம் அணிந்த வெள்ளைக் கான்வாஸ் காலணி ஏறக்குறைய இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் அதனை ஏளனமாக நினைக்க வேண்டியதில்லை. தொடக்க நிலையில் உள்ளவருக்கு, பன்னிரண்டாயிரம் ரூபாய் ஓட்டக் காலணியைவிட அது பாதுகாப்பானது என்பதே எமது கருத்து.

மூன்றாவதுதான் கிராஸ் டிரெய்னிங் ஷூ எனப்படும் பல்வகைப் பயிற்சிக் காலணி. 1980-களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நைக்கி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டிங்கர் ஹாட்ஃபீல்டு, உடற்பயிற்சிக்கூடத்திற்கு வருவோர் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு காலணி மாற்றுவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1987-இல் வந்தது ஏர் டிரெய்னர் 1 என்னும் காலணி. பாதத்தின் முன்பகுதியைக் குறுக்காக இறுக்கிப் பிடிக்கும் பட்டை அதன் சிறப்பு. பின்னர் 2011-இல் ரீபாக் நிறுவனத்தின் நானோவும், 2015-இல் நைக்கியின் மெட்கானும் வெளிவந்தன. இன்றைய கடைகளில் இவ்வகையில் பல நிறுவனங்களின் காலணிகள் உள்ளன. இவற்றின் குதிகால் உயர வேறுபாடு பெரும்பாலும் 4 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். குதிகாலின் கீழ் கெட்டியாகவும், விரல்களின் கீழ் சற்று வளையும்படியும் அமைந்திருக்கும். பளு தூக்கலாம், கயிறு தாண்டலாம், பெட்டி மேல் ஏறி இறங்கலாம், டிரெட்மில்லில் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றலாம். ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்திற்கு இது உதவாது, குதிகாலும் கெண்டைக்காலும் வலிக்கும். நடைக்கும் ஓட்டத்திற்கும் தனியே ஒரு சோடி வைத்துக்கொள்வதே முறை.

நம் வாசகர்களுள் பெரும்பாலோருக்கு இந்த மூன்றாவது வகை போதும். உயர்ந்த குதிகால் தேவையா என அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வெறுங்காலுடன் சுவரை நோக்கி நின்று, ஒரு பாதத்தின் பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொடுகிறதா? தொட்டால் கணுக்கால் போதிய அளவு மடங்குகிறது, தட்டையான காலணியே போதும். தொடவில்லையெனில் உயர்ந்த குதிகால் சிறிது துணை செய்யும். தரையில் குந்தி அமர்ந்து பழகிய நம் பாட்டிமார் இச்சோதனையில் எளிதில் தேறியிருப்பார்கள். நாற்காலியில் எட்டு மணி நேரம் அமரும் நாம்தான் தடுமாறுகிறோம்.

கடையில் சோதிக்கும் முறை

பாதம் நாள் முழுவதும் சற்று வீங்கும். எனவே மாலையில் சென்று வாங்குவது நல்லது, பயிற்சியின்போது அணியும் காலுறையுடன் செல்வது இன்னும் நல்லது. முதலில் காலணியைக் கண்ணாடி மேசைபோன்ற சமதளத்தில் வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அதைத் திருப்பித் தந்துவிடுங்கள். அடுத்து, குதிகாலின் பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நுரை சற்று நெகிழலாம், புதையக் கூடாது. குதிகாலை அணைத்துப் பிடிக்கும் பின்புறப் பகுதியை இரு விரலால் நசுக்கினால் அது விறைப்பாக நிற்கவேண்டும். காலணியின் இரு முனைகளையும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். துணிபோல முறுக்கிக்கொண்டால் பளுவிற்கு ஆகாது. வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளையவேண்டும், நடுவில் வளைவது குறை. அடிப்பகுதி மேற்பகுதியைவிடச் சற்று அகன்றிருந்தால் பக்கவாட்டுப் பிடிப்பு கூடும்.

பின்னர் அணிந்து, நாடாவை இறுக்கிக் கட்டி, எடையில்லாமலே பத்து முறை முழுமையாக உட்கார்ந்து எழுங்கள். தோப்புக்கரணம் போடுவதற்குக் கடையில் வெட்கப்பட்டால் வீட்டில் கால் நோகும். உட்காரும்போது குதிகால் காலணிக்குள் மேலெழுகிறதா, விரல்கள் விரிந்து பதிய இடமிருக்கிறதா என்பவை இரண்டே கேள்விகள். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நின்றும் பார்க்கலாம். பழைய காலணியிலும் அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டால் வேறுபாடு தானே தெரியும்.

விரல்களுக்கான இடம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியரின் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரியவந்த செய்தி. இதை அடிப்படையாகக் கொண்டு, பாரதத்தின் முதலெழுத்தால் ‘பா’ எனப் பெயரிட்ட புதிய அளவு முறையும் முன்மொழியப்பட்டது. ஆனால் நாம் இன்றும் வாங்குவது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற யு.கே. அளவைத்தான். அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அகலம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. விளைவு, அகலம் போதாமல் நாம் ஓர் எண் கூட்டி வாங்குகிறோம். நீளம் மிகுந்து குதிகால் உள்ளே நழுவுகிறது. எங்கள் நண்பருக்கு நேர்ந்ததில் பாதி இதுதான். 8-ஆம் எண் பாதத்திற்கு 9-ஆம் எண் வாங்கியிருந்தார்.

இதற்கு வழி, காலணியின் உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நிற்பது. பாதத்தின் விளிம்பு அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்த வடிவம் உங்களுக்குரியதன்று. எண்ணைக் கூட்டாமல் வேறு நிறுவனத்தின் காலணியையோ, அகலமான வடிவத்தையோ கேளுங்கள். பெண்களுக்கான காலணிகள் பல சற்றுக் குறுகலாகவே செய்யப்படுவதால், அகலப் பாதமுள்ள பெண்கள் ஆடவர் பிரிவிலும் தேடலாம். நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு எம்மிடம் பதிலில்லை.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். நெடுநாள் சர்க்கரையால் பாதங்களின் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம். அப்போது ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று பாதம் சொல்வதை நம்ப இயலாது. காலணி கடிப்பதே தெரியாமல் கொப்புளம் புண்ணாகிவிடும். இத்தகையோர் வெறுங்காலுடன் பயிற்சி செய்வதை அறவே தவிர்க்கவேண்டும். அணியுமுன் காலணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும், பயிற்சி முடிந்தபின் வெளிச்சத்தில் பாதங்களை ஆராய்வதும் நாள்தோறும் செய்யவேண்டியவை. பளுப்பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பாத உணர்ச்சிச் சோதனை செய்துகொள்வது, ஓராண்டுச் சந்தா செலுத்துவதற்கு முன் செய்யவேண்டிய வேலை.

விலையும் வரியும் தவணையும்

இனி எமக்குப் பழக்கமான களத்திற்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல், சோடி ஒன்றுக்கு வரிக்கு முந்தைய மதிப்பு 2,500 ரூபாய் வரையுள்ள காலணிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு. ஆகவே 2,500 ரூபாய் மதிப்புள்ள காலணி வரியுடன் 2,625 ரூபாய்க்கு வரும். 2,600 ரூபாய் மதிப்புள்ளதோ 3,068 ரூபாய் ஆகிவிடும். நூறு ரூபாய் வேறுபாடு 443 ரூபாயாக வளர்கிறது. இந்த எல்லையை ஒட்டிய விலைகளில் தேர்ந்தெடுப்போர் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பையும் இவ்வாறே நோக்கவேண்டும். வட்டியில்லாக் கடன் என ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. 9,000 ரூபாய்க் காலணியை மாதம் 1,500 வீதம் ஆறு தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 15 விழுக்காடு எனில், விற்பனையாளர் ஏறத்தாழ 380 ரூபாயைத் தள்ளுபடியாகக் காட்டுவார், அதையே கடன் அட்டையில் வட்டியாகப் பிடிப்பார்கள். அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு வரி சுமார் 68 ரூபாய். செயல்முறைக் கட்டணம் 199 என்றால் வரியுடன் 235. ஆக, ‘இல்லாத’ வட்டிக்கு நாம் தருவது ஏறத்தாழ 300 ரூபாய். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி இக்கணக்கில் சேரவில்லை. வங்கி அலுவலரே இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சோடிக் காலணிக்காகக் கடன்படுவதை நாங்கள் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தள்ளுபடி விற்பனையில் இன்னொரு கண்ணி உண்டு. சில காலணிகளின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற கடற்காற்று நகரங்களில் இது விரைவாக நிகழும். 60 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கியது பத்தாவது நாளில் அடி பெயர்ந்ததற்குக் காரணம் பல வேளைகளில் இதுவே. பெட்டியின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கவேண்டுமென்பது சட்டம். அதை முதலில் படியுங்கள். விளையாட்டுக் காலணிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள தர எண் 15844. அந்த எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்றும் காணலாம். புகழ்பெற்ற காலணியை நம்பமுடியாத விலைக்குத் தருவதாகக் கைப்பேசியில் வரும் இணைப்புகளைத் தொடவேண்டாம். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, உங்கள் வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். பொருளில் குறையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலை கண்டு தயங்குவோருக்கு ஒரு கணக்கு. ஓட்டக் காலணி 500 முதல் 800 கிலோமீட்டரில் நுரை தளர்ந்து ஓய்ந்துவிடும். பளுப்பயிற்சிக் காலணியில் தளர்வதற்கு நுரை குறைவு. உடற்பயிற்சிக்கூடத்திற்குள் மட்டும் அணிந்தால் சில ஆண்டுகள் உழைக்கும். 6,000 ரூபாய்க் காலணியை ஆண்டுக்கு 150 நாள் வீதம் இரண்டாண்டு அணிந்தாலே நாளொன்றுக்கு 20 ரூபாய்தான். தெருவில் அணியாமலிருப்பதால் அடியில் தூசு படியாது, தரைப்பிடிப்பும் குறையாது. வியர்வையில் நனைந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தவேண்டும். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும். சலவை இயந்திரத்தில் போடுவதும் அதே கேட்டைத் தரும்.

வாங்கிய முதல் இரண்டு நாள் வீட்டின் சுத்தமான தரையில் மட்டும் அணிந்து பாருங்கள். அடியில் அழுக்குப் பட்ட காலணியைப் பெரும்பாலான கடைகள் திரும்பப் பெறுவதில்லை. பெட்டியையும் பற்றுச்சீட்டையும் அதுவரை எறியவேண்டாம்.

எங்கள் நண்பர் முதல் மாதம் 8-ஆம் எண் கான்வாஸ் காலணியுடன், தண்டில் எடைத் தட்டுகள் ஏதுமின்றி மீண்டும் தொடங்கினார். அதன்பின் முன்பகுதி அகலமான பல்வகைப் பயிற்சிக் காலணி ஒன்றை, நான்கு கடைகளில் தோப்புக்கரணம் போட்டபின் வாங்கினார். 50 கிலோவைத் திரும்ப எட்ட ஐந்து மாதமாயிற்று. விலை மிகுந்த அந்த ஓட்டக் காலணியை இப்போது, இரண்டு காலுறைகளுடன், காலை நடைக்கு அணிகிறார்.